மேடையில் சொன்னது மேடையோடு போகலாமா?

அறிவியல் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஆய்வுக்கூடத்தில் என்பீர்கள். கண்ணாடிக் குடுவைகள், நுண்ணோக்கி, வெள்ளை அங்கி அணிந்த ஒருவர்: இந்தப் படம்தான் நம் எல்லோர் மனத்திலும் தோன்றும். படம் தவறன்று. ஆனால் முழுமையானதும் அன்று. ஆய்வுக்கூடத்தில் கண்டது ஒருவரின் குறிப்பேட்டுக்குள் இருக்கும் வரை அது அவருடைய எண்ணம் மட்டுமே. அதைப் பலர் முன்னிலையில் எடுத்துச் சொல்ல வேண்டும். கேள்விகளுக்கு விடை கூற வேண்டும். எழுத்தில் பதிந்து, பிறர் செய்து பார்க்கக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே அது அறிவியல் ஆகிறது.

இந்த வேலை நடக்கும் இடங்களில் ஒன்று அறிவியல் சங்கம். 'சங்கம்' என்றதும் உங்களுக்குக் கொட்டாவி வரலாம். தலைவர் தேர்தல், வரவு செலவுக் கணக்கு, புதிய உறுப்பினர் சேர்க்கை, பரிசளிப்பு, நன்றி நவிலல்... இவற்றில் என்ன சுவை இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆனால் இந்தச் சலிப்பூட்டும் ஆண்டு வேலைகளை ஒரு சங்கம் எப்படிச் செய்கிறது என்பதைப் பொறுத்து, எங்கோ பிறக்கும் ஒரு குழந்தை பிழைப்பதும் பிழைக்காமற் போவதும் இருக்கலாம். மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணுகிறீர்களா? ஒரு சங்கத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

இளைஞர்களின் சங்கம்

அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களின் முதல் பெரிய சங்கம் 1888-ஆம் ஆண்டில் தொடங்கியது. 'அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம்' என்று அதைச் சொல்லலாம். அதன் முதல் தலைவர் ஆபிரகாம் ஜேக்கபி. அக்காலத்தில் குழந்தைகளுக்குத் தனி மருத்துவம் வேண்டும் என்பதையே பலர் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தை என்பது சிறிய உருவில் உள்ள பெரிய மனிதன், மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று கருதினார்கள். அது தவறு என்று வாதாடியவர்கள் கூடி அமைத்ததே அச்சங்கம்.

நாற்பது ஆண்டுகளில் அச்சங்கம் மூத்தவர்களின் சபையாகிவிட்டது. இளம் ஆய்வாளர்கள் தங்கள் புதிய முடிவுகளைச் சொல்ல ஒரு மேடை வேண்டுமென்று விரும்பினார்கள். அதற்காக 1929-இல் ஒரு புதிய சங்கம் தோன்றியது. முதலில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு மட்டும் உரியதாக இருந்து, பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. அதுவே 'குழந்தை மருத்துவ ஆராய்ச்சிச் சங்கம்'. இளைஞர்களுக்கென்றே ஏற்பட்டது என்பதால் நெடுங்காலம் இச்சங்கத்தில் வயது வரம்பு இருந்தது. 1967-இல் சங்கத்துக்கு உரிய ஆராய்ச்சி இதழும் வெளிவரத் தொடங்கியது.

இன்று இவ்விரு சங்கங்களும் வேறு சில குழந்தை மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து, ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி ஒரே மாநாடாகக் கூடுகின்றன. ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். கொரோனாத் தொற்றினால் 2020-ஆம் ஆண்டு மாநாடு கைவிடப்பட்டது. 2021-இல் திரைவழியே நடந்தது. பிறகு மீண்டும் நேரில் கூடத் தொடங்கிவிட்டார்கள்.

அங்கே என்ன நடக்கிறது? மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வை ஒரு பக்க அளவில் சுருக்கி அனுப்புகிறார்கள். இதற்கு ஆய்வுச் சுருக்கம் என்று பெயர். அவற்றைச் சிலர் படித்து மதிப்பிடுகிறார்கள். மிகச் சிலருக்கு மேடையில் பேச வாய்ப்புக் கிடைக்கும். அதுவும் சில நிமிடங்களே. மற்றவர்கள் தங்கள் முடிவுகளைப் பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி, அதன் பக்கத்தில் நின்று, வருவோர் போவோருக்கு விளக்குவார்கள். உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியைப் போலத்தான்! இடையில் சங்கத்தின் பொதுக்குழு கூடும். புதிய தலைவர் பொறுப்பேற்பார். கணக்குப் படிக்கப்படும். பரிசுகள் வழங்கப்படும். எல்லோரும் ஊர் திரும்புவார்கள்.

என் கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மேடையில் சொல்லப்பட்டவை என்ன ஆகின்றன?

நுரையற்ற நுரையீரல்

இக்கேள்வி ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, குறைமாதக் குழந்தைகளின் மூச்சைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

கருவில் 37 வாரம் நிறையுமுன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மிக முன்னதாகப் பிறக்கும் குழந்தைகள் பல, பிறந்த சில மணி நேரத்தில் மூச்சுவிடத் திணறும். விலா எலும்புகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். உடல் நீலம் பாரிக்கும். 1963 ஆகஸ்டு மாதம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த ஆண் குழந்தை இந்த நோயால்தான் இறந்தது. உலகின் மிகச் செல்வாக்குள்ள தந்தையாலும் அக்குழந்தையை இரண்டு நாளுக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை.

காரணம் என்ன? நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்புறம் நீர்ப்படலத்தால் ஈரமாக இருக்கிறது. நீருக்குப் பரப்பு இழுவிசை உண்டு என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். நீர்ப்படலம் எப்போதும் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். காற்றறை சிறிதாக இருக்கும்போது இந்த இழுவிசை அதை அப்படியே மூடிவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் மூடிய அறையைப் புதிதாகத் திறப்பதென்றால், ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தைக்கு அவ்வளவு வலிமை ஏது?

நம் நுரையீரல் ஏன் மூடிக்கொள்வதில்லை? சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதுபோல, நுரையீரலில் சுரக்கும் ஒரு கொழுப்புப் பொருள் இழுவிசையைக் குறைத்து வைக்கிறது. அது போதிய அளவு சுரப்பது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். மேரி எல்லன் ஏவரி என்ற இளம் பெண் மருத்துவர், இந்நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரையே இல்லாததைக் கவனித்தார். ஜியர் மீட் என்பவருடன் சேர்ந்து அந்த நுரையீரல்களின் பரப்பு இழுவிசையை அளந்து, இப்பொருள் குறைவாக இருப்பதே நோய்க்குக் காரணம் என்று 1959-இல் எழுதினார். இதே ஏவரி பின்னர் 1972-இல் குழந்தை மருத்துவ ஆராய்ச்சிச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

காரணம் தெரிந்துவிட்டது. மருந்து? அது உலகின் மறுகோடியிலிருந்து வந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலுள்ள குட்டிக்குக் கார்ட்டிசோன் வகை ஹார்மோன் கொடுத்ததும் ஆடு முன்னதாகவே குட்டி ஈன்றது. அவ்வளவு முன்னதாகப் பிறந்த குட்டி மூச்சுவிட முடியாமல் இறந்திருக்க வேண்டும். ஆனால் அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது! நுரையீரலில் காற்றும் நிறைந்திருந்தது. ஹார்மோன் நுரையீரலை விரைவில் முதிரச் செய்திருக்கிறது என்று லிக்கின்ஸ் ஊகித்தார். 1969-இல் இதை வெளியிட்டார். ஏவரியும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவில் இதே சோதனையை ஆட்டுக் குட்டிகளில் செய்து, 1970-இல் உறுதிப்படுத்தினார்கள்.

அடுத்து லிக்கின்ஸ், ராஸ் ஹௌவீ என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து மனிதரில் சோதித்தார். முன்னதாகப் பிரசவமாகக்கூடிய 282 தாய்மார்கள். யாருக்கு உண்மையான மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பது குலுக்கல்போலத் தற்செயலாக முடிவு செய்யப்பட்டது. திட்டமிடாமல் முன்னதாகப் பிறந்த குழந்தைகளில், மருந்து பெறாத தாய்மாரின் குழந்தைகள் முதல் வாரத்தில் நூற்றுக்கு 15 பேர் இறந்தனர். மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 3 பேரே இறந்தனர். முடிவு 1972-இல் அச்சாயிற்று.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இதைப் படித்த உலகம் என்ன செய்திருக்க வேண்டும்? உடனே எல்லா மருத்துவமனைகளிலும் இம்மருந்தைக் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும், அல்லவா? அப்படி நடக்கவில்லை. அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிலையங்கள் அறிஞர்களைக் கூட்டி, 'இதைக் கொடுங்கள்' என்று பரிந்துரைத்த ஆண்டு 1994. இடையில் 22 ஆண்டுகள் ஓடிவிட்டன! அந்த 1994-ஆம் ஆண்டில்கூட, அமெரிக்காவில் மருந்து தேவைப்பட்ட தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அது கிடைக்கவில்லை என்று அக்கூட்டம் கண்டது.

தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. மருந்து பின்னாளில் கெடுதி செய்யுமோ என்ற நியாயமான அச்சம் ஒன்று. மருந்தைக் கொடுக்க வேண்டியவர் மகப்பேறு மருத்துவர். அதன் பயனைக் காண்பவரோ குழந்தை மருத்துவர். இருவரும் வெவ்வேறு சங்கம், வெவ்வேறு மாநாடு! எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் வேறு. 1972-க்குப் பிறகு பல இடங்களில் சிறு சிறு சோதனைகள் நடந்தன. ஒவ்வொன்றும் சிறிது என்பதால், தனித்தனியே பார்த்தபோது பெரும்பாலானவை திட்டமாக ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் 'பயன் உண்டு' என்றார். இன்னொருவர் 'தெரியவில்லை' என்றார். யாரும் எல்லாவற்றையும் ஒன்றுதிரட்டிக் கூட்டிப் பார்க்கவில்லை.

அதை எண்பதுகளில் செய்தவர் பாட்ரிசியா கிரௌலி என்ற அயர்லாந்து மகப்பேறு மருத்துவர். கூட்டிப் பார்த்தபோது ஐயத்துக்கு இடமில்லாமல் பயன் தெரிந்தது. 1993-இல் பிரிட்டனில் தொடங்கிய 'காக்ரேன்' என்ற அமைப்பு, மருத்துவச் சோதனைகளைத் திரட்டிக் கூட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டது. அதன் சின்னத்தை எங்காவது பார்த்தால் உற்று நோக்குங்கள். வட்டத்துக்குள் ஏழு கிடைக்கோடுகளும் ஒரு செங்குத்துக் கோடும் இருக்கும். அந்த ஏழு கோடுகளும் இம்மருந்தைப் பற்றிய ஏழு சோதனைகள். பெரும்பாலானவை நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதாவது, தனியே பார்த்தால் அவை உறுதியாக எதையும் சொல்லா. அடியில் ஒரு சிறு சாய்சதுரம் நடுக்கோட்டைத் தொடாமல் விலகி நிற்கும். அதுதான் ஏழையும் கூட்டிய விடை. காலந்தாழ்ந்து கூட்டிய கூட்டலை ஓர் அமைப்பு தன் சின்னமாகவே வைத்துக்கொண்டிருக்கிறது.

ஐந்தில் இரண்டு எங்கே?

கூட்டிப் பார்க்க வேண்டுமென்றால் எல்லா எண்களும் கையில் இருக்க வேண்டும். ஒரு மாதச் செலவைக் கூட்டும்போது கடன் வாங்கிய நாட்களின் சீட்டுகளை மட்டும் கிழித்தெறிந்துவிட்டால் கணக்கு எப்படி இருக்கும்? மிக அழகாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும்.

குழந்தை மருத்துவ ஆராய்ச்சிச் சங்கத்தின் கணக்கைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் சிலர் பார்த்தார்கள். 1992 முதல் 1995 வரை அச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்களுக்கு அனுப்பப்பட்ட ஆய்வுச் சுருக்கங்களில், குலுக்கல் முறையில் நடந்த மருத்துவச் சோதனைகளைப் பற்றியவை 447. இவற்றில் எத்தனை பிறகு முழுக் கட்டுரைகளாக அச்சேறின என்று தேடினார்கள். 2002-இல் விடையை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் மூன்று அச்சேறியிருந்தன. மீதி இரண்டு? அரைப் பக்கச் சுருக்கத்தோடு நின்றுவிட்டன. இன்னொன்றையும் கண்டார்கள். புதிய மருத்துவத்துக்குச் சாதகமான முடிவுகள் அதிகமாக அச்சேறியிருந்தன. 'பயன் இல்லை' என்ற முடிவுகள் பின்தங்கின.

இந்த ஒரு சங்கத்தை மட்டும் குறைசொல்லக் கூடாது. பல துறைகளின் மாநாடுகளைப் பற்றிய இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்களைக் கணக்கிட்டு, 2018-இல் காக்ரேன் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி நூற்றுக்கு 37 மட்டுமே முழுக் கட்டுரையாகின்றன. அதோடு ஒப்பிட்டால் குழந்தை மருத்துவ ஆராய்ச்சிச் சங்கத்தின் சோதனைகள் மேல் என்றே சொல்ல வேண்டும். ஏன் எழுதவில்லை என்று கேட்டால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லும் விடை உங்களுக்குப் பழக்கமானதே: 'நேரம் கிடைக்கவில்லை.' வீட்டுப்பாடம் செய்யாத நாளில் நாமும் அதைத்தானே சொல்கிறோம்?

தோல்வியின் மதிப்பு

'பயன் இல்லை என்ற முடிவை அச்சிட்டு என்ன ஆகப்போகிறது?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை மருத்துவரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

1940-களில் குறைமாதக் குழந்தைகள் பலருக்குக் கண்ணின் பின்புறம் வடுப்பட்டுப் பார்வை போயிற்று. காரணம் தெரியவில்லை. சில்வர்மனும் அவருடன் இருந்தவர்களும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் மருந்து பெற்ற 31 குழந்தைகளில் 25 பேர் நல்ல பார்வையுடன் வீடு திரும்பினார்கள். எவ்வளவு பெரிய வெற்றி! வேறொருவராக இருந்தால் அன்றே மாநாட்டு மேடை ஏறி மாலை வாங்கியிருப்பார்.

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு பெட்டியில் இரு நிறக் கோலிக்குண்டுகளைப் போட்டு, எடுத்த குண்டின் நிறத்தைக் கொண்டு எந்தக் குழந்தைக்கு மருந்து, எந்தக் குழந்தைக்கு இல்லை என்று முடிவு செய்து சோதித்தார்கள். விடை தலைகீழாக வந்தது. மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பார்வை இழந்தனர். மருந்து பெறாதவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே இழந்தனர். அப்படியானால் முதலில் கண்ட வெற்றி? அந்நோய் தொடக்க நிலையில் பல குழந்தைகளுக்குத் தானாகவே குணமாகிவிடும். இயற்கை செய்த வேலைக்கு மருந்து பெயர் வாங்கிக்கொண்டது.

இந்தத் தோல்வியை அவர்கள் மூடி வைக்கவில்லை, 1952-இல் அச்சிட்டார்கள். மூடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 31-க்கு 25 என்ற அழகான எண்ணை நம்பி எத்தனை ஊர்களில் எத்தனை குழந்தைகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்திருப்பார்கள்! கட்டுப்பாடின்றிக் கொடுத்த பிராணவாயுவே கண் கெட்டதற்குப் பெருங்காரணம் என்பது, அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒரு சோதனையால் 1954-இல் உறுதியாயிற்று. அதற்குள் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்துவிட்டனர் என்பது ஒரு மதிப்பீடு.

தவறான வழி எது என்று பலகை நட்டு வைப்பதும் வழிகாட்டுவதுதான். அந்தப் பலகையைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டால், பின்னால் வருகிறவர் அதே பள்ளத்தில் விழுவார்.

குழந்தையிடம் பட்ட கடன்

மற்ற மருத்துவத் துறைகளைவிடக் குழந்தை மருத்துவத்துக்கு இதில் பொறுப்பு அதிகம் என்பது என் கருத்து. பெரியவர் ஒருவர் சோதனையில் சேரும்போது, தானே யோசித்துச் சம்மதம் தருகிறார். குழந்தை அப்படிச் செய்ய முடியுமா? இரண்டு நாள் வயதுள்ள குழந்தையின் தாயிடம்தான் கையெழுத்துக் கேட்கிறார்கள். 'இதனால் உங்கள் குழந்தைக்கு நன்மை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது; ஆனால் இனிமேல் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவும்' என்று சொல்லித்தான் கேட்கிறார்கள். தாய் நம்பிக் கையெழுத்திடுகிறாள். முடிவு மேசை இழுப்பறையில் கிடந்தால் 'இனிமேல் பிறக்கும் குழந்தைகளுக்கு' என்ற சொல் பொய்யாகிவிடுகிறது. இது சோம்பல் மட்டுமன்று. வாக்குத் தவறுவதும் ஆகும்.

சரி, எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. மருத்துவச் சோதனையைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்தால்தான் கட்டுரையை ஏற்போம் என்று உலகின் முன்னணி மருத்துவ இதழ்கள் 2005-இல் விதி செய்தன. நம் நாட்டிலும் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேடு 2007-இல் தொடங்கி, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தொடங்கியது பதிவாகிவிட்டால், முடிவு எங்கே என்று யாரும் கேட்கலாமே!

எதிர்பாராத முடிவை மறைக்காமல் சொன்னால் என்ன நன்மை என்பதற்கு நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று. லிக்கின்ஸின் அதே மருந்தை ஏழை நாடுகளின் ஊர்ப்புறங்களிலும் பரப்பலாம் என்று இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. கர்நாடகத்தின் பெலகாவியும் மகாராட்டிரத்தின் நாகபுரியும் அதில் இடம்பெற்றன. எல்லோரும் நன்மையை எதிர்பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவோ திடுக்கிட வைத்தது. மிகச் சிறிய குழந்தைகளின் இறப்புக் குறையவில்லை. மொத்தத்தில் பச்சிளங்குழந்தைகளின் இறப்புச் சற்றுக் கூடியிருந்தது. கர்ப்பத்தின் வாரக்கணக்கைச் சரியாக அறிய வசதியில்லாத இடங்களில், தேவையற்ற தாய்மார்களுக்கும் மருந்து போய்ச் சேர்ந்திருந்தது.

ஆய்வாளர்கள் இதை அப்படியே அச்சிட்டார்கள். வாதம் எழுந்தது. அதனால் உலகச் சுகாதார நிறுவனம் மறுபடி ஒரு சோதனை நடத்தியது. இம்முறை இந்தியா, வங்காளதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் 29 மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் வாரக்கணக்கை உறுதிசெய்து, 2,852 தாய்மார்களிடம் சோதித்தார்கள். 2020-இல் விடை வந்தது. மருந்து பெறாத பிரிவில் குழந்தைகள் நூற்றுக்கு 23.5 பேர் 28 நாளுக்குள் இறந்தனர்; மருந்து பெற்ற பிரிவில் 19.6 பேர். மருந்து நல்லது, ஆனால் எங்கே, யாருக்கு, எந்த வசதிகளோடு என்பது முக்கியம். இந்தத் தெளிவு எதனால் கிடைத்தது? கசப்பான முடிவை 2015-இல் மறைக்காமல் சொன்னதால் கிடைத்தது.

ஆண்டுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம்

பதிவேடுகள் வந்துவிட்டன என்றால் சங்கங்களின் வேலை முடிந்துவிட்டதா? இல்லை என்பேன். பதிவேடு ஒரு சாவடி. கேள்வி கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் சங்கமாக இருப்பதே பொருத்தம். ஏனென்றால் ஆய்வாளர் அஞ்சுவது சட்டத்துக்கு மட்டுமன்று. தன்னோடு ஒத்தவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதற்கும் அஞ்சுகிறார்.

ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளர் எழுந்து பணக்கணக்குப் படிக்கிறார். ஒரு ரூபாய்க்குக் கணக்கு இல்லை என்றாலும் உறுப்பினர்கள் விடமாட்டார்கள். அதுபோலவே ஒருவர் எழுந்து அறிவுக்கணக்கும் படிக்கட்டும். 'ஐந்து ஆண்டுகளுக்கு முன் நம் மேடையில் இத்தனை சோதனைகள் சொல்லப்பட்டன. இத்தனை அச்சேறின. இத்தனை இன்னும் வரவில்லை, காரணம் இவை.' இதற்கு ஒரு மணி நேரம் போதும். சிறந்த கண்டுபிடிப்புக்குப் பரிசு தருகிற சங்கங்கள், நன்றாகச் செய்யப்பட்டு 'பயன் இல்லை' என்று முடிந்த சோதனை ஒன்றுக்கும் ஆண்டுதோறும் ஒரு பரிசு தரட்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. 'மாநாட்டில் சொல்வதெல்லாம் முதல் பார்வையில் கண்டவை. அரைகுறையானவையும் இருக்கும். எல்லாவற்றையும் அச்சிட்டால் குப்பை சேராதா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சரியாகச் செய்யப்படாத ஆய்வை விட்டுவிடலாம். ஆனால் ஏன் விட்டோம் என்று ஒரு வரி எழுதி வைக்கட்டும். 'இதழ்கள் எங்கள் தோல்விகளை ஏற்பதில்லை' என்றும் சொல்வார்கள். இதழ்கள் பெரும்பாலும் சங்கங்களுடையவைதாமே! தன் வீட்டுக் கதவைத் தானே சாத்திக்கொண்டு திறக்கவில்லை என்று குறைகூறலாமா?

மாணவ நண்பர்களே, இதெல்லாம் பெரிய மருத்துவர்களின் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நாளைக்கு நீங்களும் ஓர் அறிவியல் சங்கத்தில் உறுப்பினராகலாம். அந்தப் பழக்கம் இன்றைக்கே உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. தனி ஊசலின் அலைவு நேரத்தை ஐந்து முறை அளக்கிறீர்கள். நான்கு எண்கள் ஒத்துவருகின்றன. ஒன்று விலகி நிற்கிறது. விடை அழகாக வரவேண்டும் என்று அந்த ஐந்தாவது எண்ணை அழித்துவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அழிக்காதீர்கள். அதன் பக்கத்தில் 'ஏன்?' என்று எழுதுங்கள். அறிவியல் கண்காட்சியில் உங்கள் சோதனை எதிர்பார்த்தபடி வராவிட்டால், வந்ததை வந்தபடி பலகையில் எழுதி அதன் பக்கத்தில் நில்லுங்கள். பரிசு கிடைக்காமற் போகலாம். ஆனால் அடுத்த ஆண்டு அதே சோதனையைத் தொடங்கும் மாணவன் உங்கள் பலகையைப் பார்த்துவிட்டு, நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்குவான்.